நாய்க்கு உலர் உணவு: கடைச் சரக்கா, வீட்டுப் பக்குவமா?

நாய் வளர்த்தல் நம் மக்களுக்குப் புதிதன்று. இராஜபாளையம், சிப்பிப்பாறை, கோம்பை ஆகிய ஊர்களின் பெயர்கள் அங்குள்ள நாயினங்களாலேயே நாடெங்கும் பரவின. கூழும் களியும் உண்டு வளர்ந்த அவை தோட்டந்துரவுகளைக் காத்தன. மும்பை, தில்லி, கொல்கத்தா முதலிய நகரங்களில் அடுக்குமாடிகளில் வாழும் நம் குடும்பங்களுக்குத் தோட்டமும் இல்லை; கூழ் காய்ச்சப் போதும் இல்லை. ஆதலின் கடையில் விற்கும் உலர் உணவே நாயின் தட்டில் விழுகின்றது. இது தகுமா என்னும் ஐயம் பல இல்லங்களில் எழுவதால் அதனை ஈண்டு ஆராய்வோம்.

கப்பல் ரொட்டி தந்த யோசனை

1860-ஆம் ஆண்டையொட்டி இலண்டனுக்கு வந்த ஜேம்ஸ் ஸ்ப்ராட் என்னும் அமெரிக்கர், துறைமுகத்து நாய்கள் மாலுமிகள் எறிந்த கப்பல் ரொட்டியை உண்பதைக் கண்டார் என்பர். அவர் கோதுமை, காய்கறி, இறைச்சி ஆகியவற்றைக் கலந்து நாய் பிஸ்கட் செய்து விற்றார். இன்று நாம் காணும் பொரி போன்ற உருண்டை 1950-களில் அமெரிக்காவில் தோன்றியது. மாவையும் இறைச்சித் தூளையும் நீராவியில் வேகவைத்து, மிகுந்த அழுத்தத்துடன் சிறு துளை வழியே தள்ள, அது உப்பி வெளிவரும்; பின்னர் உலர்த்திக் கொழுப்புத் தெளிப்பர்.

தானியம் நாய்க்கு ஆகாது என்பாரும் உளர். ஓநாயைவிட நாய்க்கு மாப்பொருளைச் செரிக்கும் மரபணுப் படிகள் மிகுதி என்பதை 2013-இல் ஸ்வீடன் ஆராய்ச்சியாளர் கண்டனர். மனிதனோடு வாழ்ந்த நாய் மனிதனின் உணவுக்கும் பழகிவிட்டது.

வீட்டுப் பக்குவத்தில் கருதவேண்டியவை

வீட்டு உணவு தூய்மையானது என்பது உண்மையே; நிறைவானது என்பது உறுதியன்று. இறைச்சியும் சோறும் மட்டும் அளித்தால் எரியம் மிகுந்து சுண்ணாம்புச் சத்துக் குறையும். குட்டியின் எலும்பு வலுவிழந்து வளையும். கடை உணவிலும், "முழுமையான, சமச்சீர் உணவு" என்று உறையில் பொறித்திருப்பதையே நாள்தோறும் இடலாம். மற்றவை தின்பண்டமே.

சைவக் குடும்பத்தினர் கவலையுறல் வேண்டா. மருத்துவர் வகுத்த அளவில் பருப்பு, தானியம், முட்டை, தயிர் முதலியவற்றாலும் தேவையான கூட்டுச் சத்துகளாலும் நாயை வளர்க்க இயலும். பூனைக்கு இது பொருந்தாது.

நம் அடுக்களையில் மிஞ்சும் சாம்பாரையும் வெங்காயக் குழம்பையும் நாய்க்கு ஊற்றுதல் தவறு. வெங்காயமும் பூண்டும் அதன் இரத்தச் சிவப்பணுக்களை அழிக்கும். பாயசத்தில் மிதக்கும் உலர்திராட்சை சிறுநீரகத்தைக் கெடுக்கும். கருவாடு உப்பு மிகுந்தது, அதனையும் விலக்குக. வேகவைத்த எலும்பு பிளந்து குடலைக் குத்தும்.

கோழியிறைச்சியை வீட்டில் உலர்த்த விரும்புவோர் முதலில் அதனை நன்கு வேகவைத்தல் வேண்டும். உட்புறம் 74 டிகிரி செல்சியஸ் வெப்பம் அடைந்தாலன்றி நோய்க்கிருமிகள் மடியா. வெறும் வெயில் அதற்குப் போதாது. அக்கிருமிகள் நாயை மட்டுமன்றி, அதன் தட்டைத் தொடும் குழந்தைகளையும் பற்றும்.

மழையும் கோடையும்

கரையோர நகரங்களில் மழைக்காலத்தில் ஈரம் புகுந்தால் நிலக்கடலை, மக்காச்சோளம் போன்றவற்றில் பூஞ்சணம் பிடிக்கும். அதனால் உண்டாகும் நஞ்சு ஈரலைச் சிதைக்கும், சமைத்தாலும் நீங்காது. 2005-இல் அமெரிக்காவில் இந்நஞ்சு கலந்த உணவால் பல நாய்கள் மாண்டன. ஆகவே மலிவு கருதிப் பெரிய மூட்டை வாங்காமல், சில வாரங்களில் தீரும் அளவே வாங்குக. உறையுடனேயே மூடிய டப்பாவில் வைத்திடுக. வாடை மாறினால் எறிந்துவிடுக.

உலர் உணவில் நீர் நூற்றுக்குப் பத்துப் பங்களவே உண்டு. தில்லிக் கோடையில் தட்டருகே எப்பொழுதும் தண்ணீர் இருத்தல் இன்றியமையாதது. உணவை மாற்றும்போது ஒரே நாளில் மாற்றாது, ஏழு நாட்களில் பழையதைக் குறைத்துப் புதியதைக் கூட்டுக.

கடைச் சரக்காயினும் வீட்டுப் பக்குவமாயினும் சத்தின் நிறைவும் தூய்மையுமே தலையாயவை. வேலைக்குச் செல்லும் குடும்பத்திற்குத் தரமான உலர் உணவே எளிது. நேரமுள்ளோர் மருத்துவரைக் கலந்து வீட்டிலேயே சமைக்கலாம். வாயில்லாச் சீவன் தனக்கு வேண்டுவது இன்னதெனக் கேளாது. அதனை அறிந்து இடுவது நம் கடமையாகும்.