ஆறு போதும், ஏழு ஆனது! கோல்ஃபும் போக்கரும் மனசோடு ஆடும் ஆட்டம்

1999 ஜூலை 18. ஸ்காட்லாந்தின் கார்னூஸ்டி மைதானம். பிரிட்டிஷ் ஓப்பன் கோல்ஃபின் கடைசி நாள், கடைசி ஹோல். பிரான்ஸ் வீரர் ழான் வான் டெ வெல்ட் மூன்று ஷாட் முன்னிலையில் நிற்கிறார். நான்கு ஷாட்டில் முடிக்க வேண்டிய ஹோல் அது. ஆறு எடுத்தாலும் கோப்பை அவருக்குத்தான். 1907-க்குப் பிறகு எந்த பிரெஞ்சுக்காரரும் அந்தக் கோப்பையைத் தொட்டதில்லை.

பத்திரமாகத் தட்டித் தட்டிக் கொண்டுபோயிருக்கலாம். அவரோ நீளமாக அடிக்கும் டிரைவரைக் கையில் எடுத்தார். பந்து வலதுபக்கம் எங்கோ போனது. இரண்டாவது ஷாட் பார்வையாளர் கேலரியின் கம்பியில் பட்டு, ஓடைக்கரைச் சுவரில் மோதி, அடர்ந்த புல்லுக்குள் விழுந்தது. மூன்றாவது ஷாட் ஓடைக்குள்ளேயே போய்விட்டது. ஷூ, சாக்ஸைக் கழற்றிவிட்டு, பேன்ட்டை மடித்துக்கொண்டு தண்ணீரில் இறங்கி நின்றார் மனிதர். அங்கிருந்தே அடிக்கலாமா என்று யோசித்து, அப்புறம் மனசு மாறினார். கடைசியில் ஏழு ஷாட் ஆனது. அதன்பின் நடந்த பிளே-ஆஃபில் ஜெயித்தவர், அன்று காலை பத்து ஷாட் பின்தங்கியிருந்த பால் லாரி!

இந்தக் கதையை கோல்ஃப் ஆடுபவர்களைவிட நன்றாகப் புரிந்துகொள்பவர்கள் போக்கர் ஆடுபவர்கள்தான். ஒன்று பச்சைப் புல்வெளியில் மைல்கணக்கில் நடக்கிற ஆட்டம். இன்னொன்று ஏசி அறையில் உட்கார்ந்த இடத்திலேயே ஆடுவது. ஆனால், இரண்டும் ஆளைக் கவிழ்க்கிற விதம் ஒன்றுதான்.

கிரிக்கெட்டில் பந்து உங்களைத் தேடி வரும், யோசிக்க நேரமில்லை. கண்ணும் கையும் பார்த்துக்கொள்ளும். கோல்ஃபில் பந்து சும்மா கிடக்கும். யாரும் பந்து வீசுவதில்லை, யாரும் குறுக்கே வருவதில்லை. 18 ஹோல் ஆடி முடிக்க சுமார் நான்கு மணி நேரம். எண்பது தடவை அடித்தாலும், ஒரு ஸ்விங் இரண்டு விநாடிகூட இல்லை. கூட்டிப் பார்த்தால் சில நிமிடங்கள்தான் ஆட்டம். மிச்ச நேரமெல்லாம் நீங்களும் உங்கள் மண்டையும்! போக்கரிலும் அப்படித்தான். நல்ல ஆட்டக்காரர் பெரும்பாலான சீட்டுகளை ஆடாமலேயே மடித்து வைத்துவிடுவார். சும்மா உட்கார்ந்திருக்கும் அந்த நேரத்தில்தான், "போன ஆட்டத்துல அப்படிப் பண்ணியிருக்கலாமே" என்று மனசு அரிக்க ஆரம்பிக்கும்.

போக்கரில் இதற்கு ஒரு பெயர் வைத்திருக்கிறார்கள், 'டில்ட்'. பழைய பின்பால் மெஷினை ஆத்திரத்தில் பிடித்து ஆட்டினால் 'டில்ட்' என்று காட்டிவிட்டு அப்படியே நின்றுவிடும். அந்தச் சொல்லைத்தான் கடன் வாங்கியிருக்கிறார்கள். விட்டதைப் பிடிக்கணும் என்ற வெறியில், சாதாரணமாகத் தொடவே தொடாத சீட்டுக்கெல்லாம் காசைத் தள்ளுவதுதான் டில்ட். கோல்ஃபில், மரத்துக்குப் பின்னால் சிக்கிய பந்தைப் பக்கவாட்டில் தட்டி வெளியே எடுக்காமல், இரண்டு மரத்துக்கு நடுவே இருக்கும் ஒரு முழ இடைவெளியைக் குறிபார்ப்பதும் அதே வியாதிதான்.

அடுத்தது, இதைவிடக் கஷ்டமான சமாச்சாரம். சரியாகச் செய்தாலும் தோற்கலாம்!

டெக்சஸ் ஹோல்டம் போக்கரில் கைக்கு இரண்டு சீட்டு. இரண்டும் ஏஸ் என்றால் அதற்கு மேல் நல்ல கையே கிடையாது. எதிராளியிடம் இரண்டு ராஜா இருக்கிறது, இருவரும் மொத்தக் காசையும் வைக்கிறீர்கள் என்று வைத்துக்கொள்வோம். உங்கள் வெற்றி வாய்ப்பு சுமார் 82 சதவிகிதம். அதாவது, ஏறக்குறைய ஐந்தில் ஒரு தடவை தோற்பீர்கள். கோல்ஃபில் எட்டு அடி தூரத்திலிருந்து பந்தைக் குழிக்குள் தள்ளுவது, உலகின் தலைசிறந்த புரொஃபஷனல்களுக்கே பாதிக்குப் பாதிதான். தவறிய பட் எல்லாம் தவறாக ஆடிய பட் இல்லை.

இதன் மறுபக்கமும் உண்டு. டாய்ல் பிரன்சன் 1976, 1977 என அடுத்தடுத்து உலக போக்கர் சாம்பியன் ஆனார். இரண்டு முறையும் கடைசி ஆட்டத்தில் அவர் கையில் இருந்தது 10-ம் 2-ம். சுமாருக்கும் கீழான கை அது! அதிர்ஷ்டம் கைகொடுத்தது, அவ்வளவுதான். (கோல்ஃபிலும் பெரும் தொகை பந்தயம் கட்டி ஆடியவர் பிரன்சன் என்பது தனிக்கதை.) அந்த வெற்றியைப் பார்த்து 10-2-ஐ நம்பி இறங்குபவர்கள் பர்ஸைத் தடவ வேண்டியதுதான்.

அதனால்தான் அனுபவசாலிகள், 'என்ன ஆச்சு' என்பதைவிட 'ஏன் அப்படி முடிவெடுத்தேன்' என்று கேட்டுக்கொள்கிறார்கள். கோல்ஃப் வீரர்கள் ஒவ்வொரு ஷாட்டுக்கு முன்பும் ஒரே மாதிரி பின்னால் நின்று பார்த்து, ஒரே எண்ணிக்கையில் ஒத்திகை ஸ்விங் சுற்றுவது சும்மா ஸ்டைலுக்கு இல்லை. போன ஷாட்டைக் கழுவிவிடும் வேலை அது. போக்கரில் 'இவ்வளவு போனால் எழுந்துவிடுவேன்' என்று உட்காரும் முன்பே முடிவு செய்துகொள்கிறார்கள். டில்ட் ஆன பிறகு முடிவெடுக்கும் மண்டை, நம் மண்டை இல்லையே!

ஒரு வித்தியாசத்தையும் சொல்லியாக வேண்டும். கோல்ஃபில் டில்ட் ஆனால் ஸ்கோர் கெடும், மிஞ்சிப்போனால் ஒரு ஸ்டிக் உடையும். காசு வைத்து ஆடும் போக்கரில் வீட்டு வாடகை போகும். அப்படிப் போன குடும்பக் கதைகள் நமக்குப் புதிதில்லை. பணம் கட்டி ஆடும் ஆன்லைன் விளையாட்டுகளைத் தடை செய்து 2025-ல் மத்திய அரசு சட்டமே கொண்டுவந்திருக்கிறது.

சரி, சரிந்தவர் எழ முடியுமா? 2011 மாஸ்டர்ஸ் கோல்ஃபின் கடைசி நாளை நான்கு ஷாட் முன்னிலையோடு தொடங்கிய ரோரி மெக்கில்ராய், 80 அடித்துச் சரிந்தார். அப்போது அவருக்கு வயது 21. இரண்டே மாதத்தில் யு.எஸ். ஓப்பனை எட்டு ஷாட் வித்தியாசத்தில் ஜெயித்தார். ஆனால், மாஸ்டர்ஸ் மட்டும் 14 வருடம் கைக்கு வரவில்லை. 2025-ல் மறுபடி முன்னிலையோடு கடைசி நாளுக்கு வந்தார். முதல் ஹோலிலேயே இரண்டு ஷாட் கூடுதல். 13-வது ஹோலில் பந்து தண்ணீருக்குள். 18-வது ஹோலில் சின்னப் பட்டைத் தள்ளினால் கோப்பை, அதையும் தவறவிட்டார். பார்த்தவர்களுக்கெல்லாம் 'முடிஞ்சது கதை' என்றுதான் தோன்றியிருக்கும்.

சில நிமிடங்களில் பிளே-ஆஃபுக்காக அதே 18-வது ஹோலுக்குத் திரும்பி வந்தார். இந்த முறை பந்து உள்ளே போனது. ஸ்டிக்கைத் தூக்கி எறிந்துவிட்டுப் புல்தரையில் முட்டி போட்டு அழுதார் ரோரி.