கோபுரத்தில் ஏறினால் கடல் தெரியுமா?

காஞ்சிபுரத்தின் தென்கோடி செவிலிமேடு. அங்கே பாலாற்று மணலில் நின்று கிழக்கே பார்ப்பவருக்குத் தொடுவானம் எவ்வளவு தொலைவில் இருக்கும்? வழியில் மேடும் மரமும் இல்லாமல் தரை கடல்போல மட்டமாக இருந்தால், நாலரை கிலோமீட்டர்கூட இல்லை. அங்கிருந்து ஊருக்குள் ஏகாம்பரநாதர் கோயிலுக்குப் போகிற தூரம்தான், ஏறக்குறைய.

இதைக் கண்டுபிடிக்கப் பத்தாம் வகுப்புக் கணக்கே போதும். பூமியை ஒரு வட்டமாக வரைந்துகொள்ளுங்கள். கண்ணிலிருந்து கிளம்பும் பார்வைக்கோடு அந்த வட்டத்தைத் தொடும் இடம்தான் தொடுவானம். அந்தத் தொடுகோடும், அது தொடும் புள்ளிக்கு மையத்திலிருந்து போகும் ஆரமும் செங்கோணத்தில் சந்திக்கும். ஆக, ஒரு செங்கோண முக்கோணம் கிடைத்துவிட்டது. அதன் கர்ணம், பூமியின் ஆரமும் (6,371 கி.மீ.) நம் கண்ணின் உயரமும் சேர்ந்த நீளம். மீதி வேலை பிதாகரஸ் தேற்றத்துடையது. மிகச் சிறிய ஓர் உறுப்பை விட்டுவிட்டுச் சுருக்கினால் மனத்திலேயே போடக்கூடிய கணக்கு வந்து நிற்கிறது: உயரத்தை மீட்டரில் எடுத்து, வர்க்கமூலம் கண்டு, 3.57-ஆல் பெருக்கினால் தொடுவானத்தின் தூரம் கிலோமீட்டரில். ஒன்றரை மீட்டர் உயரத்தில் உள்ள கண்ணுக்கு 4.4 கி.மீ.

இனி ஏகாம்பரநாதர் கோயில் ராஜகோபுரம். கிருஷ்ணதேவராயர் 1509-இல் எழுப்பியது. உயரம் 192 அடி, அதாவது 58 மீட்டர் சொச்சம். உச்சியில் நின்றால் 27 கி.மீ. தெரிய வேண்டும். உயரம் கிட்டத்தட்ட 39 மடங்கு கூடியும் பார்வை ஆறு மடங்குதான் நீள்கிறது. வர்க்கமூலம் இப்படித்தான் கணக்குப் பார்த்துக் கொடுக்கும்: இரண்டு மடங்கு தூரம் வேண்டுமென்றால் நான்கு மடங்கு உயரம் ஏற வேண்டும்.

அப்படியானால் அந்த உச்சியிலிருந்து வங்கக்கடல் தெரியுமா? காஞ்சி நகரமே கடல் மட்டத்திலிருந்து சுமார் 83 மீட்டர் உயரத்தில் இருக்கிறது. கோபுரத்தையும் சேர்த்தால் 141 மீட்டர். அதற்குரிய தூரம் 42 கி.மீ. மாமல்லபுரம் கடற்கரையோ நேர்க்கோட்டிலேயே 60 கி.மீ.க்குச் சற்றுக் குறைவு. காற்று ஒளியைக் கொஞ்சம் வளைத்துத் தருவதால் பார்வை எட்டு சதவீதம்போல நீளும். அதையும் சேர்த்தாலும் எட்டாது. இடையில் உள்ள குன்றுகள் வேறு மறைக்கும்.

ஆனால் எதிரிலும் ஓர் உயரம் இருந்தால் கணக்கே மாறிவிடுகிறது. 50 மீட்டர் கோபுரத்துக்குத் தொடுவானம் 25 கி.மீ.; அத்தகைய இரண்டு கோபுரங்கள் 50 கி.மீ. இடைவெளியிலும் ஒன்றையொன்று பார்க்கலாம். தமிழ்நாட்டில் இது ஏட்டுக்கணக்காக மட்டும் நிற்கவில்லை. 1802 ஏப்ரல் 10 அன்று சென்னை பரங்கிமலை அருகே முதல் முக்கோணத்தின் அடிக்கோட்டை அளக்கத் தொடங்கிய நில அளவையாளர் வில்லியம் லாம்டன், முக்கோணம் முக்கோணமாகத் தென்னிந்தியாவை அளந்துகொண்டே போனார். முக்கோணத்தின் ஒரு முனையிலிருந்து மற்ற முனைகள் தெரிந்தால்தான் கோணம் அளக்க முடியும். மலை இருந்தவரை சிக்கலில்லை, உச்சியில் கருவியை வைத்தார். காவிரிச் சமவெளியில் மலைக்கு எங்கே போவது? வயலும் தென்னந்தோப்புமாகக் கிடக்கும் பூமி. தரையில் நின்றால் அடுத்த ஊரே தெரியாது. கோயில் கோபுரங்களில்தான் ஏற வேண்டியிருந்தது.

ஏறியது மனிதர்கள் மட்டுமல்ல. கோணம் அளக்கும் பெரிய தியோடலைட் கருவி அரை டன் எடை. 1808-இல் தஞ்சைப் பெரிய கோயிலின் விமானத்தில் அதைக் கயிறு கட்டி ஏற்றும்போது கயிறு அறுந்தது. கருவி சுவரில் மோதி, கோணம் காட்டும் அதன் வட்டம் நெளிந்துபோனது. வேறு கருவி வேண்டுமென்றால் இங்கிலாந்திலிருந்து கப்பலில் வர வேண்டும். லாம்டன் காத்திருக்கவில்லை. கூடாரத்துக்குள் உட்கார்ந்து, நெளிந்த வட்டத்தைத் தன் கையாலேயே மெல்ல மெல்ல நிமிர்த்தினார். அதே கருவியோடு அவருடைய முக்கோணங்கள் குமரி முனை வரை போய்ச் சேர்ந்தன.