உங்களுக்குத் தெரியுமா? மாண்ட ஆட்டுக்கும் நிவாரணம் உண்டு

சிவகாசியும் சாத்தூரும் அடங்கிய கந்தக பூமியிலே, மழை பொய்த்த காலத்தும் குடியானவனின் ஜீவனத்தைக் காத்து நிற்கும் செல்வம் ஆடுமாடுகளே. ‘பொட்டு ஆடு’ என வழங்கும் வேம்பூர்ச் செம்மறியோ விருதுநகர், தூத்துக்குடிச் சீமைகளுக்கே உரிய இனம். இத்தகைய ஜீவன்கள் வெள்ளத்திலும் புயலிலும் மாளுங்கால் சர்க்கார் அளிக்கும் நிவாரணத் தொகையை, 2023 டிசம்பரில் மிக்ஜாம் புயலை ஒட்டித் தமிழக அரசு, மாடொன்றுக்கு 30,000 ரூபாயிலிருந்து 37,500 ஆகவும், ஆடொன்றுக்கு 3,000 ரூபாயிலிருந்து 4,000 ஆகவும் உயர்த்திற்று. மத்திய சர்க்காரின் பேரிடர் நிவாரண விதிகளோ, ஒரு குடும்பத்துக்கு 3 கறவை மாடுகள் அல்லது 30 ஆடுகள் என்று வரம்பு வகுத்துள்ளன. இந்நிவாரணம் பெற வேண்டின், இறந்த பிராணியைப் புதைக்குமுன் கிராம நிர்வாக அலுவலருக்கும் கால்நடை மருத்துவருக்கும் தெரிவித்தல் உத்தமம்.