பிள்ளைகளும் பானப் போத்தல்களும்



சென்ற ரமழானில் நோன்பு துறப்பதற்காக உறவினர் ஒருவரின் இல்லத்திற்குச் சென்றிருந்தேன். பேரீச்சம்பழத்தைச் சுவைத்த கையோடு சிறுவர்களின் கைகள் சர்பத் கோப்பைகளையும் பெரிய சோடாப் போத்தலையுமே நாடின. பாயின் மறு ஓரத்தில் அவர்களின் உம்மும்மா, சீனி வியாதியினால் கால் விரலொன்றை இழந்தவர், சீனியில்லாத தேநீரை அருந்திக் கொண்டிருந்தார். அக்காட்சி என்னை இன்றளவும் உறுத்துகின்றது.

நபி (ஸல்) அவர்கள் ஈரமான பேரீச்சம்பழத்தாலும், அது இல்லாதபோது உலர்ந்ததாலும், அதுவும் இல்லாதபோது சில மிடறு தண்ணீராலும் நோன்பு துறந்ததாக அனஸ் (ரழி) அவர்கள் அறிவிக்கும் ஹதீஸை நாம் மிம்பர்களில் கூறுகின்றோம். நமது ஸஹனைச் சுற்றித் தண்ணீருக்குத்தான் இடமில்லை.

நாளாந்தம் பெறும் சக்தியில் பத்து வீதத்திற்கும் குறைவான பங்கே சேர்க்கப்பட்ட சீனியிலிருந்து வரவேண்டும் என உலக சுகாதார நிறுவனம் 2015இல் அறிவுறுத்தியது. 1600 கலோரி தேவைப்படும் பிள்ளைக்கு அதன் எல்லை 40 கிராம், அதாவது பத்துத் தேக்கரண்டி. 100 மில்லிலீற்றருக்கு 10 கிராம் சீனி கொண்ட 400 மில்லிலீற்றர் போத்தலொன்று அந்த எல்லையைத் தனியாகவே தொட்டுவிடும். தேநீரும் பிஸ்கட்டும் அதற்கு மேலதிகம். திண்ம உணவைப் போல் பானம் வயிற்றை நிரப்புவதுமில்லை. பிள்ளை குடித்த பின்னரும் வழமைபோல் உண்கின்றது. வாயிலுள்ள பக்டீரியாக்கள் அச்சீனியை அமிலமாக்கிப் பற்களை அரிக்கின்றன.

நம் நாட்டில் 2016 ஆகஸ்டில் பானப் போத்தல்களுக்கு நிறக் குறியீடு நடைமுறைக்கு வந்தது. அவ்விதியின்படி 100 மில்லிலீற்றரில் 11 கிராமுக்கு மேல் சீனி இருந்தாலே சிவப்பு. ஆகவே மேற்சொன்ன போத்தல் செம்மஞ்சளில் அடங்கிவிடும்! சிவப்பில்லை என்பதால் தீங்கில்லை என்று எண்ணிவிடாதீர்கள். கிராம் அளவையே வாசியுங்கள். பழத்தின் படம் அச்சிட்ட பைக்கற்றுகளையும் அவ்வாறே பாருங்கள்.

ஜும்ஆ முடிந்து திரும்புகையில் போத்தலொன்று வாங்கி வரும் வழக்கம் என்னிடமே இருந்தது. பிள்ளைகளைக் குறை கூறி என்ன பயன்? குளிர்சாதனப் பெட்டியில் அது இருக்கும் வரை பிள்ளை பத்து முறை கேட்கும். ஒன்பது முறை மறுக்கும் தாய் பத்தாம் முறை இணங்குவாள். கடையிலோ ஒரு முறை மறுத்தால் போதுமானது. எனவே வீட்டில் தடை எதனையும் அறிவிக்கவில்லை, வாங்குவதை நிறுத்தினோம். முதல் வாரம் அழுகையும் கோபமும் இருந்தன. தேசிக்காய்த் தண்ணீருக்கு இட்ட மூன்று கரண்டிச் சீனியை ஒரு மாத காலத்தில் ஒன்றாகக் குறைத்தோம். நாவு பழகிக் கொண்டது. இடையில் நான் கடையில் நின்று இரகசியமாகக் குடித்ததை மகன் கண்டுகொண்டான். அதன் பின்னர் நானும் விட்டுவிட்டேன். விருந்தினருக்கும் இப்போது இளநீர்தான். பெருநாளன்று மட்டும் ஒரு போத்தல் வருகின்றது. அன்றே முடிந்தும் விடுகின்றது.