கருவி இல்லாப் பயிற்சி

மிருதங்கம் கற்கும் மாணவி ஒருத்தி கோடை விடுமுறைக்குக் கொல்கத்தாவிலிருந்து சென்னைக்குப் புறப்படுகிறாள் எனக் கொள்வோம். தொலைவு ஏறத்தாழ 1,660 கிலோமீட்டர். தொடர்வண்டியில் ஒரு நாளுக்கும் மேலாகும். மிருதங்கமோ கிடர்பூர் வீட்டிலேயே இருக்கிறது. அவள் திரும்பி வரும்வரை கை அதனைத் தொடப்போவதில்லை. கற்றது மறந்துவிடுமோ என்னும் அச்சம் இயல்பே. விடுமுறை இல்லாத நாள்களிலும் இத்தடை உண்டு. நெருக்கமான குடியிருப்பில், இரவுப் பணி முடித்து ஒருவர் உறங்கும்போது பகலிலும் மிருதங்கத்தை ஒலிக்கச் செய்ய இயலாது.

இதற்குரிய வழி நம் இசைமரபிற்குள்ளேயே இருக்கிறது. மிருதங்கத்தின் ஒவ்வோர் அடிக்கும் ஓர் ஒலிப்பெயர் உண்டு. தொடக்கப் பாடமே 'தா, தீ, தொம், நம்' என்னும் நான்கு சொற்கள்தாம். 'தொம்' என்றால் இடக்கை தொப்பியில் விழ வேண்டும்; 'நம்' என்றால் வலக்கை ஆள்காட்டி விரல் வலந்தலையின் ஓரத்தைத் தட்ட வேண்டும். இத்தகைய சொற்களைத் தாளத்திற்குள் கோத்து அமைப்பது சொற்கட்டு. மூன்று எண்ணிக்கைக்குத் 'தகிட', நான்கிற்குத் 'தகதிமி', ஐந்திற்குத் 'தகதகிட'. ஆசிரியர் சொல்ல, மாணவர் கையால் தாளமிட்டபடி திருப்பிச் சொல்வார். அதன் பின்னரே அது தோலில் ஒலிக்கும். பாடம் முதலில் வாயிலும் மனத்திலும் பதிவதால், கருவியை விட்டுப் பிரிந்தாலும் அது உடன் வருகிறது. சொற்கட்டு சொல்வதே கொன்னக்கோல் என்னும் தனிக்கலையாக வளர்ந்து கச்சேரி மேடையும் ஏறியது. மன்னார்குடி பக்கிரியா பிள்ளை அக்கலையில் புகழ்பெற்றவர்.

வங்கத்துத் தபலாவிலும் இம்முறை உண்டு. அங்கே ஒலிச்சொற்களுக்குப் 'போல்' என்று பெயர்; வங்க மொழியில் 'பேச்சு' என்பதும் அதன் பொருள். கிடர்பூரை அடுத்த மெட்டியாபுரூஸில் 1856 முதல் வாழ்ந்த அவத் அரசர் வாஜித் அலி ஷா தம்முடன் இசைக்கலைஞர்களையும் ஆடற்கலைஞர்களையும் அழைத்து வந்தார். அவர்கள் வழியாக வடநாட்டு இசை இந்நகரில் மேலும் வேரூன்றியது. 'தா தின் தின் தா' என்னும் போல், பக்கத்து வீட்டுக் குழந்தை வாயிலும் கேட்கக்கூடும். (தமிழில் ஒரே 'த'வால் எழுதப்படும் ஒலிகள் வங்க எழுத்தில் வேறுபடும் என்பதை இங்குள்ள மாணவர்கள் எளிதில் அறிவர்.)

ஒலிக்காமல், விரலையும் அசைக்காமல் மனத்தில் மட்டும் வாசித்தால் பயன் உண்டா? அல்வாரோ பாஸ்குவல்-லியோனே என்னும் மருத்துவ அறிஞரும் அவருடைய குழுவினரும் அமெரிக்காவில் நடத்திய ஆய்வு 1995இல் வெளிவந்தது. பியானோ அறியாதவர்களுக்கு ஐந்து விரல் பயிற்சி ஒன்று தரப்பட்டது. ஒரு குழுவினர் நாள்தோறும் 2 மணி நேரம் வாசித்தனர். மற்றொரு குழுவினர் அதே நேரம் பியானோவின் முன் அமர்ந்து, வாசிப்பதாக மனத்தில் எண்ணினர். 5 நாள்களுக்குப் பின் இரு குழுவினருக்கும் விரல்களை இயக்கும் மூளைப் பகுதி விரிவடைந்திருந்தது. எண்ணியவர்களின் திறன், வாசித்தவர்கள் மூன்றாம் நாளில் எட்டிய அளவில் இருந்தது. பின்னர் ஒரே ஒரு முறை 2 மணி நேரம் வாசித்ததும் அவர்கள் ஏறக்குறைய மற்றவர்களுக்கு இணையாயினர்.

ஆயினும் சன்னலோரம் அமர்ந்து பாட்டை அசைபோடுவது பயிற்சி ஆகாது. ஆதி தாளத்தின் எட்டு எண்ணிக்கையைக் கையில் வைத்துக்கொண்டு, கற்ற பாடத்தை முதலில் தாழ்ந்த குரலில் சொல்ல வேண்டும். பிறகு வாய் மூடி, எந்தக் கை, எந்த விரல், எவ்விடத்தில் படுகிறது என்று ஒவ்வோர் அடியையும் மனத்தில் காண வேண்டும். அதன் நாதத்தையும் கேட்க வேண்டும். வேகம் மிகக் குறைவாக இருத்தல் நன்று. எங்கேனும் ஓரிடத்தில் படம் கலங்கும். அடுத்த அடி எதுவென்று தோன்றாது. அந்த இடம் இன்னும் சரியாகக் கற்கப்படவில்லை என்பதே அதன் பொருள். வாசிக்கும்போது விரல்கள் பழக்கத்தால் அதைத் தாண்டி ஓடிவிடும். மனம் அவ்வாறு மறைப்பதில்லை. கருவியோடு இருக்கும் நாளிலும் இம்முறை வேண்டும் என்பதற்கு இதுவே தக்க காரணம்.

விரலின் வலிமையையும் தோலின் நாதத்தையும் மனப்பயிற்சி தராது. நெடுநாள் கழித்து மிருதங்கத்தின் முன் அமரும் முதல் நாளில், மனம் ஓடும் வேகத்திற்குக் கை ஈடுகொடாது. மணிக்கட்டு விரைவில் சோரும். ஆதலால் அன்று 'தா, தீ, தொம், நம்' என்னும் முதல் பாடத்திலிருந்து, மெதுவாகத் தொடங்குவதே முறை.