போர்ச் செய்தியும் கோபுரக் கரையும்

காஞ்சிபுரத்து ஓரிக்கையில் எங்கள் வீட்டுக் கூடம் முழுக்கத் தறிதான். குழிக்குள் காலை விட்டு நான் உட்கார, பக்கத்தில் மகள் கரை நாடாவைத் தள்ளுவாள். கோர்வைச் சேலைக்கு இரண்டு ஆள் வேண்டும். உடலுக்கு ஒரு நிறம், கரைக்கு வேறு நிறம். மூன்று நாடா மாறி மாறி ஓடி இரண்டையும் கோத்துவிடும். அந்தச் சேர்மானத்தில்தான் காஞ்சிப் பட்டின் பெயரே இருக்கிறது.

காலையில் இட்லி வேகும்போதே டிவியில் போர்ச் செய்தி ஓடும். மிளகு, சீரகம், சுக்கு, நெய் சேர்ந்த காஞ்சிபுரம் இட்லி. குண்டு விழுந்த ஊரில் பிள்ளையைத் தேடும் தாயைப் பார்த்தால் வாயில் வைத்தது இறங்காது. சரிகைக் கவலை அதற்கப்புறம்தான் வரும்.

பட்டு நூலின்மேல் வெள்ளி இழையைச் சுற்றித் தங்க முலாம் ஏற்றியதே அசல் சரிகை. நிறைய சூரத்திலிருந்து வருகிறது. உலகம் பயந்தால் பணம் தங்கத்தில் ஒதுங்கும். 2022 பிப்ரவரியில் ரஷ்யா உக்ரைனுக்குள் நுழைந்தபோது தங்கத்தின் விலை ஏறியது. 2025 அக்டோபரில் தங்கம் அவுன்ஸ் 4,000 டாலரையும் வெள்ளி 50 டாலரையும் தாண்டின. சரிகையோடு சேலை விலையும் ஏறுகிறது, ஆர்டர் குறைகிறது, கூலி நின்ற இடத்திலேயே நிற்கிறது. அகலமான கோபுரக் கரை கேட்டவர்கள் இப்போது மெல்லிய கரை போதும் என்கிறார்கள்.

முகூர்த்தச் சேலை எடுக்க வருகிறவர்களே, விலையைக் கேட்கும்போது, நெய்தவருக்குக் கூலி எவ்வளவு என்றும் கேளுங்கள்.