அவசர அழைப்பும் அலுவலகத் தொலைபேசியும்

விடுதி, ஆஸ்பத்திரி, பாடசாலை, கந்தோர் முதலிய பெரிய கட்டிடங்களில் அறைக்கு அறை தொலைபேசி இருப்பது இன்று சாதாரண விஷயம். ஆயினும் அந்தத் தொலைபேசிகள் நேரே வெளியுலகத்தோடு இணைக்கப்பட்டவை அல்ல. அவை முதலில் அதே கட்டிடத்தின் சொந்த எக்ஸ்சேஞ்சொன்றில் வந்து சேர்கின்றன. தொழில் துறையினர் அதனைப் பீ.ஏ.பீ.எக்ஸ். என்பர். நூறு அறைகளில் இருப்போர் யாவரும் ஒரே வேளையில் வெளியே பேசப்போவதில்லை. ஆகவே சில வெளியிணைப்புகளே அத்தனை பேருக்கும் போதுமாகின்றன. அந்தச் சிக்கனத்தின் பொருட்டே இந்த இயந்திரம் தோன்றிற்று.

இதற்கு இரு முகங்கள் உண்டு. உட்புற முகத்தில் அறைத் தொலைபேசிகளும், வெளிப்புற முகத்தில் தொலைபேசிக் கம்பனியின் இணைப்புகளும் பொருத்தப்படுகின்றன. ஒருவர் இலக்கத்தை அழுத்தும்போது, அவர் நாடுவது பக்கத்து அறையையா, வெளியுலகையா என்பதை இயந்திரம் அறிதல் வேண்டும். அதற்கெனச் சொந்த அறிவு ஏதும் இல்லை. அதனை நிறுவுபவர் பதிந்து வைக்கும் கட்டளைகளே அதன் அறிவு. முதல் எண் 2 ஆயின் உள்ளறை, 9 ஆயின் வெளியிணைப்பு என்றவாறு ஒரு பட்டியல் அதற்குக் கொடுக்கப்படும். அமெரிக்காவில் நெடுங்காலமாக 9 என்ற எண்ணே பெரும்பாலும் வெளிவாசலாக வழங்கி வந்தது.

அந்நாட்டின் அவசர அழைப்பு இலக்கமாகிய 911 உம் அதே எண்ணிலே தொடங்குகின்றது. அந்த இலக்கத்துக்கான முதல் அழைப்பு 1968 பெப்ரவரி 16 ஆந் திகதி, அலபாமா மாநிலத்தின் ஹேலிவில் என்னும் சிற்றூரில் எடுக்கப்பட்டது. குழந்தையும் நினைவில் வைக்கக்கூடிய மூன்று எண்கள் என்பதே அதன் சிறப்பு. ஆனால் மேற்சொன்ன பட்டியலின்படி இயங்கும் எக்ஸ்சேஞ்சில் 911 ஐ அழுத்தினால், முதல் 9 ஐ வெளியிணைப்புக்கான வேண்டுகோளாகவே இயந்திரம் எடுத்துக்கொள்ளும். எஞ்சுவது 11. அது எவருடைய இலக்கமும் அன்று. 9911 என்று அழுத்தினாலன்றி அழைப்புப் போய்ச் சேராது.

இதன் விளைவை 2013 டிசம்பர் 1 ஆந் திகதி உலகம் கண்டது. டெக்சஸ் மாநிலத்து மார்ஷல் நகரில், ஒரு விடுதி அறையில், காரி ஹண்ட் என்னும் பெண் பிரிந்து வாழ்ந்த கணவனால் கத்தியாற் குத்தப்பட்டு உயிரிழந்தார். உடனிருந்த ஒன்பது வயது மகள், தனக்குக் கற்பிக்கப்பட்டிருந்தபடியே அறைத் தொலைபேசியில் 911 ஐ நான்கு முறை அழைத்தாள். நான்கு முறையும் அழைப்பு விடுதியை விட்டு வெளிச்செல்லவில்லை. முன்னால் இன்னுமொரு 9 வேண்டும் என்பதை அச்சிறுமி அறியாள். கம்பி அறுந்திருக்கவில்லை, இயந்திரம் பழுதுபட்டிருக்கவும் இல்லை. இட்ட கட்டளையை அது வழுவாது நிறைவேற்றியது, கட்டளைதான் பிழையானது.

இறந்தவரின் தந்தை இதற்கு ஒரு சட்டம் வேண்டுமென்று இடைவிடாது முயன்றார். டெக்சஸ் மாநிலம் 2015 இல் சட்டம் இயற்றியது. 2018 பெப்ரவரி 16 ஆந் திகதி, முதலாவது 911 அழைப்பின் ஐம்பதாண்டு நிறைவு நாளில், 'காரி சட்டம்' நாடு முழுவதற்குமாகக் கையொப்பமிடப்பட்டது. 2020 பெப்ரவரி 16 இன் பின் விற்கப்படும், நிறுவப்படும் எக்ஸ்சேஞ்சுகளில் முன்னெண் எதுவுமின்றி 911 நேரே செல்ல வேண்டும். அவ்வாறு அழைப்புச் சென்றதும் கட்டிடத்தின் வரவேற்பு மேசைக்கோ காவல் அறைக்கோ அறிவிப்புக் கிடைக்க வேண்டும். உதவிக்கு வருவோருக்கு வாயிலைத் திறந்து வழிகாட்ட ஒருவர் ஆயத்தமாக இருப்பதற்கே இந்த ஏற்பாடு. அத்திகதிக்கு முன் நிறுவப்பட்ட இயந்திரங்களை இச்சட்டம் கட்டுப்படுத்தவில்லை.

பரிகாரம் பெரிதன்று. பல இயந்திரங்களில் புதிய பாகம் எதுவும் வேண்டியதில்லை. 911 வந்தால் அப்படியே வெளியே அனுப்புக என்ற ஒரு கட்டளையைச் சேர்த்தாற் போதும். எனினும் இதிலும் ஒரு சிக்கல் உண்டு. அமெரிக்காவில் தூர அழைப்புகள் 1 என்ற எண்ணுடன் தொடங்கும். வெளியிணைப்புக்கு 9, தூர அழைப்புக்கு 1 என்று அழுத்துபவர், கைதவறி 1 ஐ இருமுறை அழுத்தினால் அது 911 ஆகிவிடும். காரணமின்றிப் பொலிஸ் வந்து நிற்கும். இதனைத் தவிர்க்க வெளிவாசலை 8 போன்ற வேறோர் எண்ணுக்கு மாற்றுவதே நல்வழி.

அழைப்பு வெளியேறினால் மாத்திரம் போதாது. அது எங்கிருந்து வருகின்றது என்பதும் தெரிதல் வேண்டும். பழைய செப்புக் கம்பித் தொலைபேசி, கம்பி சென்ற இடத்திலேயே இருந்தது. இன்று அலுவலகங்களிற் பரவியிருக்கும் இணையவழித் தொலைபேசியோ, கணினியைப் போல வலையமைப்பில் இணைந்து, ஒரு முகவரியைப் பெற்று, எக்ஸ்சேஞ்சில் தன்னைப் பதிவு செய்துகொள்கின்றது. இரண்டாம் மாடியிலிருந்து எடுத்துச் சென்று ஏழாம் மாடியிற் பொருத்தினும் அதே இலக்கம் வேலை செய்யும். வசதிதான், ஆனால் பதிவேட்டில் இரண்டாம் மாடி என்றே இருந்தால், அம்புலன்ஸ் ஊழியர் தவறான மாடிக்குச் செல்வர். ஆகவே சுவரிலுள்ள ஒவ்வோர் இணைப்புத் துளையும் எந்த மாடியில், எந்த அறையில் உள்ளது என்பதைப் பதிந்து வைத்தல் வேண்டும். 2018 இலேயே நிறைவேறிய மற்றொரு சட்டத்தின் கீழ், கட்டிடத்தின் முகவரியோடு மாடியும் அறையும் 911 நிலையத்துக்குத் தெரிவிக்கப்பட வேண்டும் என்ற விதி, நிலையான தொலைபேசிகளுக்கு 2021 ஜனவரியிலும் இடம்மாற்றக் கூடியவற்றுக்கு 2022 ஜனவரியிலும் நடைமுறைக்கு வந்தது.

கிளை அலுவலகங்கள் ஒரு தலைமை எக்ஸ்சேஞ்சைப் பகிர்ந்துகொள்ளும்போது இத்தொல்லை இன்னும் பெரிதாகும். எல்லா அழைப்பும் தலைமையகத்தின் வெளியிணைப்பாற் செல்லுமாறு அமைத்துவிட்டால், ஒரு நகரில் எழும் அபாயக்குரல் வேறு நகரின் பொலிஸ் நிலையத்தில் ஒலிக்கும். மின்சாரத்தையும் மறத்தலாகாது. பழைய தொலைபேசிக்கு மின்சாரம் கம்பனியின் பற்றரியிலிருந்து கம்பி வழியே வந்தது. இணையவழித் தொலைபேசியோ கட்டிடத்தின் மின்சாரத்தையே நம்பியிருக்கின்றது. மாற்று மின் ஏற்பாடு இல்லையேல், மின்தடை நேர்ந்ததும் அது ஊமையாகும்.

இவை யாவும் சரியாக அமைந்துள்ளனவா என்பதை அறியச் சோதித்துப் பார்ப்பதே வழி. அவசர நிலையத்தாருக்கு அவர்களது சாதாரண இலக்கத்தில் முன்னறிவித்து, அவர்கள் இசையும் வேளையில், ஒவ்வொரு கட்டிடத்திலிருந்தும் ஓர் அழைப்பை எடுத்து, மறுமுனையில் இருப்பவருக்கு எந்த முகவரி தெரிகின்றது என்று கேட்டறிதல் வேண்டும். புதிய தொலைபேசி வரும்போதும், அறைகள் மாறும்போதும் இச்சோதனையை மீண்டும் செய்தல் அவசியம்.